புத்தகத்தில் அந்தப் பையன் திரும்பிப் போய்விடுகிறான்

தம்பி, நேற்று மத்தியானம் நீ அனுப்பிய செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "அப்பா பதினோரு நாள் நின்னாரு. நான் பன்னெண்டு நாள் நிப்பேன். சனிக்கிழம காலைல மேல்மலைக்குப் போறேன். என்னையத் தேடாதம்மா." அதற்கப்புறம் போனை அணைத்துவிட்டாய். கோயம்புத்தூரில் உன் அறையில் கூட இருக்கிற பையனைக் கேட்டேன். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, ஒரு கம்பளியும் நாலு நாள் துணியும் எடுத்துக்கொண்டு பழனியில் யாரோ சிநேகிதன் வீட்டுக்குப் போயிருக்கிறாயாம். எந்தச் சிநேகிதன் என்று அவனுக்கும் தெரியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு வேறு வழி இல்லை, அதனால்தான் வீட்டுக்குள் பேச வேண்டியதை முகநூலில் போடுகிறேன். உன்னோடு படித்த பிள்ளைகள் முப்பது பேராவது என் பக்கத்தில் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் உன் கண்ணில் காட்டிவிடுவார்கள். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ யார் வாசலில் போய் நிற்கப் போகிறாயோ, அந்தப் பெண்ணின் பெயரை எழுத மாட்டேன். மேல்மலையில் ஒரு ஊர், வீடு வீடாகப் போய்ச் செய்கிற அரசாங்க வேலை, இவ்வளவு போதும். அவளைப் பற்றி வருகிற இடங்களைப் போடுவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் என்னைப் பற்றியும் உன் அப்பாவைப் பற்றியும் உன்னைப் பற்றியும்தான். அதைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் பழகியதை நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும்போது நீ நான் வேலை பார்க்கிற நூலகத்துக்கு வந்து, ஒரு இயற்பியல் கைடுக்குள் சீட்டு வைத்துவிட்டுப் போவாய். அரைமணி கழித்து அவள் வந்து அதே கைடைக் கேட்பாள். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அந்தக் கைடை என் மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தேன். சீட்டைப் பிரித்துப் படித்ததில்லை, இது சத்தியம். கைடு அத்தனை தடவை கை மாறியும் இரண்டு பேருக்கும் இயற்பியலில் மார்க் குறைவாகத்தான் வந்தது என்பது வேறு விஷயம். அந்த வயதில் அது நிஜம். அவளும் ஆசையாகத்தான் இருந்தாள், அவள் முகத்தைப் பார்த்தவள் நான். அப்புறம் அவள் கீழே மதுரைக்குப் படிக்கப் போனாள், நீ கோயம்புத்தூர் போனாய். இரண்டாவது வருஷம் அவள் உன்னை நேரில் பார்த்து, இது போதும் என்று சொல்லிவிட்டாள். நீ வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, "சும்மா டெஸ்ட் பண்றாம்மா" என்றாய். நான் உன் தட்டில் இன்னொரு தோசை போட்டேன். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டெஸ்ட் என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்திலிருந்து. உனக்குப் பன்னிரண்டு வயதில் பழனி தியேட்டரில் மூன்று தடவை பார்த்தாயே, அந்தப் படம். அது ஒரு நாவலை வைத்து எடுத்தது. கோடைக்கானலில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு டீச்சர் எழுதிய சின்ன நாவல். மேல்மலையில் பூண்டி என்கிற ஊரில், பூண்டுக் காட்டில் வேலை செய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன், கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, இரண்டு பேருக்கும் பதினாறு வயது. பஸ்ஸில் பழக்கம். நாவலில் பாதிக்கு மேல் அந்தப் பெண் மனசுக்குள் பேசிக்கொள்வதுதான். அவன் கையில் எப்போதும் பூண்டு வாடை அடிக்கும். அது அவளுக்கு முதலில் பிடிக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடிக்கிறது. அப்புறம் ஒருநாள் பிடிக்காமல் போகிறது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, அதற்காக அவள் வெட்கப்படுகிறாள், அழுகிறாள், அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாள். அந்த வயதில் ஆசை எப்படி வருகிறதோ அப்படியே போகவும் செய்யும் என்று இவ்வளவு நியாயமாக எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

படத்தில் அந்தப் பையனுக்கு முப்பதை நெருங்கிய ஒரு நடிகர், தாடி, பைக். பூண்டு வாடை போயே போய்விட்டது. பள்ளிக்கூடம் காலேஜ் ஆகிவிட்டது. சரி, பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்து எடுக்க ஆயிரம் சங்கடம் இருக்கும், அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. படம் நாவலை விட நன்றாகச் செய்த இடம்கூட ஒன்று உண்டு. பஸ்ஸில் இரண்டு பேரும் பேசாமல் வருகிற காட்சியில் பாட்டும் இல்லை, வசனமும் இல்லை, ஜன்னல் கண்ணாடியில் இரண்டு பேர் மூச்சும் படிவதை மட்டும் காட்டுவார்கள். நாவலில் நாலு பக்கம் எழுதியும் வராதது அதில் வந்தது. என் ஆத்திரம் வேறு. நாவலில் பக்கம் பக்கமாக யோசிக்கிற அந்தப் பெண் படத்தில் யோசிப்பதே இல்லை. அவள் கோபப்படுகிறாள், ஓடுகிறாள், கடைசியில் சிரிக்கிறாள். அவள் நினைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிரிப்பை வைத்துவிட்டார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதும் இடைவேளை விடுகிறார்கள். தியேட்டரில் எல்லோரும் எழுந்து போய் டீயும் முறுக்கும் வாங்குகிறார்கள், பாதிக் கதைதானே முடிந்திருக்கிறது என்று. உன்னிடம் இந்தப் பெண் சொன்னதையும் நீ அப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கடைசிச் சிரிப்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், வீட்டில் ஆயிரம் தடவை பெருமையாகச் சொன்ன கதைதானே. பூண்டியில் ஷூட்டிங் நடந்தபோது உன் அப்பா ஜீப் ஓட்டினார். நாவலில் இருக்கிறபடி, பெண் வேண்டாம் என்று சொல்லி, பையன் திரும்பிப் போய்விடுகிற முடிவைத்தான் முதலில் எடுப்பதாக இருந்தார்கள். அந்தக் காட்சிக்கு மேகம் வேண்டும் என்று காத்திருந்தார்கள், அது இறங்கவில்லை. மற்ற நாளெல்லாம் சமையல்கட்டு வரை வந்து உட்காருகிற மேகம், படக்காரர்கள் வந்த அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அப்பா தன் கதையை எடுத்துவிட்டார். "நான் பதினோரு நாள் நின்னேன் சார். தை மாசக் குளிரு, ஒரு ஸ்வெட்டர் கெடையாது. பதினோராம் நாளு அவளே கதவத் தொறந்து வெளிய வந்துட்டா." டைரக்டர் எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாராம். அன்று சாயங்காலமே முடிவை மாற்றிவிட்டார்கள். புகை மெஷினை வைத்து ஊரெல்லாம் புகை போட்டு, நடிகரை நிற்கவைத்து, அந்தப் பெண்ணை ஓடிவரச் சொன்னார்கள். பதினோரு நாள் என்பது படத்தில் ஒரு பாட்டு ஆனது.

படம் வந்ததும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நாங்கள்தான் அந்த ஜோடி. அப்பா கதையைச் சொல்லுவார், நான் டீ கொண்டுவந்து வைப்பேன். "அவளே கதவத் தொறந்து" என்கிற இடம் வரும்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் சிரிப்பேன். ஒருமுறை அப்பா பத்து நாள் என்று சொல்லிவிட்டார், நான்தான் "பதினொன்னுங்க" என்று திருத்தினேன். அதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள், நீயும் தட்டினாய்.

உன்னிடம் நான் சொல்லாத கதை இது. எனக்கு அப்போது பதினேழு வயது. அடுக்கம் கிராமத்திலிருந்து கோடைக்கானலுக்கு வந்து சித்தப்பா வீட்டில் தங்கி டைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹையர் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஜீப் ஸ்டாண்டில் பார்க்கிற ஒரு ஆள், பெயர்கூட எனக்குத் தெரியாது, வீட்டுக்கு எதிரே வந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கையைப் பிடிக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சித்தப்பா என்னை டைப்பிங்குக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினார். ஐந்தாம் நாள் சித்தி, "நீ பல்லக் காட்டாமலா அவன் வந்து நிக்கிறான்?" என்று கேட்டாள். ஏழாம் நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலைத் திறக்க பயம், கொல்லைக்குப் போக பயம். பதினோராம் நாள் காலையில் சித்தப்பா, "தெருவே சிரிக்கிது. நீயே போயி ஒரு முடிவு பண்ணு, இல்ல மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரு" என்றார். நான் கதவைத் திறந்தது அவரைப் போகச்சொல்லிக் கெஞ்சுவதற்கு. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் கல்யாணம். பரீட்சை நான் எழுதவே இல்லை.

உன் அப்பா நல்ல மனுஷர். இதை எழுதத் தயங்குவது அதனால்தான். கை ஓங்கியதில்லை, சம்பாதித்ததை மறைத்ததில்லை, எனக்கு நூலக வேலை கிடைத்தபோது முதல் நாள் ஜீப்பில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு சாயங்காலம் வரை அங்கேயே காத்திருந்தார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது. நீ பிறந்து, உனக்கு மாந்தம் கட்டி, பத்து நாள் அவர் உன்னைத் தோளை விட்டு இறக்காமல் நடந்தாரே, அப்போது வந்தது. அது வந்ததற்கும் அந்தப் பதினோரு நாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து போய்க் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பார், அதனால் சொல்லவில்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து நீ வளர்ந்தாய். இப்போது அதன் பலனை வேறு ஒரு வீட்டுப் பெண் அனுபவிக்கிறாள்.

இன்னொரு தப்பும் உண்டு, அது நூலகத்தில் செய்தது. படம் வந்தபின் நாவலை எல்லோரும் கேட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே பிரதி பிய்ந்து போனது. நானே உட்கார்ந்து பைண்ட் செய்தேன். வாசகர்கள் விரும்பி எடுப்பார்களே என்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்திருந்த படத்தின் ஸ்டில்லை, அந்த நடிகர் புகையில் நிற்கிறதை, வெட்டி அட்டையில் ஒட்டினேன். பைண்ட் பண்ணி முடித்தபிறகுதான் கடைசிப் பதினாறு பக்கம் மேஜை டிராயரிலேயே கிடப்பதைப் பார்த்தேன். பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டேன். புத்தகம் வெளியே போனது, வந்தது, போனது. இத்தனை வருஷத்தில் கடைசிப் பக்கங்கள் எங்கே என்று ஒருவர்கூட வந்து கேட்கவில்லை தம்பி. எல்லோருக்கும்தான் முடிவு தெரியுமே, படத்தில் பார்த்தாயிற்றே. நீயும் அந்தப் பிரதியைத்தான் படித்தாய். "படம் மாதிரியே இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தாய். டிராயரைத் திறந்து அந்தப் பதினாறு பக்கத்தை உன் கையில் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொடுக்கவில்லை. நீ படித்துவிட்டு அப்பாவைக் கேள்வி கேட்பாயோ என்று பயந்தேன்.

அதில் இருப்பதை இப்போது சொல்கிறேன். பையன் அவள் வீட்டுக்கு எதிரே வந்து நிற்கிறான், நாவலிலும் நிற்கிறான். அவள் வெளியே வந்து, "இனிமே வராத, எனக்குப் பிடிக்கல" என்கிறாள். அவன் ஏன் என்று கேட்கிறான். "தெரியல" என்கிறாள். அவன் திரும்பி நடக்கிறான். அழுதுகொண்டேதான் நடக்கிறான், அந்தப் பாதையில் அவனுக்குப் பசிக்கிறது, அப்படிப்பட்ட நேரத்தில் பசிப்பது அவனுக்கே அவமானமாக இருக்கிறது. ஒரு கடையில் பன்னும் டீயும் சாப்பிடுகிறான். பல மாதம் அவளோடு ஒரே வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். பூண்டு அறுவடை வருகிறது, வேலை சரியாக இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து பஸ்ஸில் அவளைப் பார்க்கிறான், "பரீட்சை எப்படி எழுதின?" என்று கேட்கிறான், அவள் சொல்கிறாள். நாவல் முடிகிறது. யாரும் சாகவில்லை. யார் படிப்பும் நிற்கவில்லை. பதினாறு வயதில் வந்தது முடியலாம், முடிந்தாலும் அது பொய்யாகிவிடாது என்பதைத்தான் அந்த டீச்சர் எழுதியிருந்தார். சினிமாவுக்கு அது போதவில்லை. சினிமாவில் ஆரம்பித்த காதல் தாலி வரை போயே ஆக வேண்டும், நடுவில் அந்தப் பெண் என்ன நினைத்தாலும் சரி. அந்தப் பன் தின்ற பையனை டைரக்டரும் உன் அப்பாவும் நானுமாகச் சேர்ந்து ஒழித்துவிட்டோம். உனக்கு அவனைத் தெரியாமலே போய்விட்டது.

கடைசியாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன், இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. போன மாதம் அவள் நூலகத்துக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். "அம்மா, அவங்ககிட்ட நான் மூணு தடவ சொல்லிட்டேங்க. நல்லவிதமாத்தான் சொன்னேன், திட்டக்கூட இல்ல. போன மாசமும் ரெண்டு நாளு வந்து எதுத்தாப்புல நின்னாங்க. நான் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏற வேண்டியவ. யாரு அது, எதுக்கு நிக்கிறாருன்னு எல்லாரும் கேக்குறாங்க. மாத்தல் கேக்கலாமான்னு பாக்குறேன். கெடைக்கலன்னா சோலியே வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன். நீங்க சொன்னா கேப்பாங்கம்மா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் நல்ல பையன்மா. கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். அன்று எனக்காக யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் பரீட்சை எழுதியிருப்பேன், அப்படிப் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன்.  "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ மனசு ஒடிந்து ஏதாவது செய்துகொள்வாயோ என்று பயந்து கூப்பிடவில்லை. என் பயம் எப்போதும் ஆண்பிள்ளைகளுக்காகத்தான் இருந்திருக்கிறது, முதலில் அவருக்காக, அப்புறம் உனக்காக.

உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை, எனக்குத் தெரியாதா? நீ கெட்டவன் இல்லை. உன் அப்பாவும் கெட்டவர் இல்லை. நின்றால் கதவு திறக்கும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். திறந்த கதவைத்தான் உனக்குக் காட்டினோம், கதவுக்கு உள்ளே நடந்ததைக் காட்டவில்லை. இப்போது காட்டிவிட்டேன். இனி தெரியாது என்று நீ சொல்ல முடியாது. கையைக் கூப்பிக் கேட்கிறேன், போகாதே. பழனியில் எந்த வீட்டில் இருக்கிறாயோ அங்கேயே இரு, போனைப் போடு, நான் வந்து கூட்டிப்போகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் அழு, வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் வீட்டில் படு, என்னைத் திட்டு, அப்பா படத்தைப் பார்த்துத் திட்டு, எல்லாவற்றுக்கும் நான் இருக்கிறேன். அவள் வாசலுக்கு மட்டும் போகாதே.

போகத்தான் செய்வேன் என்றால் இதையும் தெரிந்துகொண்டு போ. இதை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. காலை முதல் பஸ்ஸில் மேல்மலைக்கு வந்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் உள்ளே வரச் சொன்னாள். இப்போது அவள் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறாள், நான் அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை நீ வந்து நின்றால் கதவைத் திறப்பது நான். உன்னை உட்காரச் சொல்ல மாட்டேன். வந்த பஸ் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும், அதில் ஏறினால் நானும் உன்னோடு ஏறுவேன். ஏறாவிட்டால், ஸ்டேஷனில் கொடுப்பதற்கு அவள் ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்குச் சாட்சி சொல்ல இந்த ஊரில் யாரும் முன்வரவில்லை. மத்தியானம் அவள் சாப்பிட வந்தபோது சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அதனால் பெயருக்குக் கீழே, அவனைப் பெற்றவள் என்றும் எழுதினேன்.